சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் சொந்த அலைக்கற்றை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலைகள், சுரங்கங்கள், துறைமுகங்கள் தங்களுக்கென்று தனிக் கம்பியில்லா வலையமைப்பு வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்தத் துறையில் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ‘வைஃபைக்குக் காசு கிடையாது, அதிலேயே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம்’ என்பது ஒரு கட்சி. ‘தனி 5ஜி போட்டால் போதும், வைஃபையே வேண்டாம்’ என்பது மற்றொன்று. களத்தில் இரண்டும் எடுபடுவதில்லை. உரிமம் பெற்ற அலைக்கற்றையில் சிறு பங்கு, உரிமம் தேவைப்படாத அலைவரிசைகளில் மிச்சம் முழுவதும், இரண்டையும் ஒன்றாகப் பின்னிய வலை. வேலைக்கு ஆகும் அமைப்பு இதுதான். அந்தச் சிறு பங்கை ஒரு நிறுவனம் சொந்தமாகப் பெறுவதற்குள் படும் பாடுதான் எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நெய்வேலி போன்ற ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பக்கெட் வீல் எந்திரம் மேல்மண்ணை வெட்டுகிறது. கன்வேயர் பெல்ட் அதைக் கொண்டுபோகிறது. ஸ்ப்ரெடர் எந்திரம் ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த பக்கத்தில் கொட்டுகிறது. வெட்டுமுகம் நகர நகர பெல்ட்டையும் நகர்த்தி வைக்க வேண்டும். இன்றைக்கு டவர் நட்ட இடம் சில மாதத்தில் பள்ளமாகிவிடும். கண்ணாடி இழைக் கேபிள் புதைத்தால் என்றைக்காவது ஒரு நாள் டோசர் அதை அறுத்துவிடும். வெளியே இருக்கும் செல்போன் டவரின் சிக்னலோ பெஞ்சுகளின் (படிப்படியாக வெட்டிய தளங்களின்) விளிம்பில் அடிபட்டு, கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது ஒன்றுமில்லாமல் போகும். துறைமுகக் கன்டெய்னர் யார்டிலும் இதே கதைதான். ஐந்து அடுக்கு வைத்தால் 13 மீட்டர் இரும்புச் சுவர். காலையில் இருந்த சந்து மாலையில் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் நகரும் எந்திரமே ஒரு முனையாகி, பக்கத்து முனைகளோடு பேசி, ஒரு வழி அடைத்தால் மறுவழியைப் பிடிக்கும் மெஷ் அவசியமாகிறது.

மெஷ் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே இந்த வேலைக்கு லாயக்கானவை அல்ல. ஒரே ரேடியோ உள்ள முனை, கேட்டுக்கொண்டிருக்கும்போது அதே சேனலில் பேச முடியாது. ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும், அதாவது ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போகும்போதெல்லாம், வேகம் பங்கு போகிறது. இரண்டாம் தாவலில் பாதி, மூன்றாவதில் மூன்றில் ஒன்று என்று இறங்கும். 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 300 மெகாபிட் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். அதில் உண்மையாகக் கைக்கு வருவது 180 அளவு. மூன்று தாவல் தாண்டினால் 60 கிடைத்தால் பெரிது. இதனால் முனைக்கு மூன்று ரேடியோ வேண்டும். கருவிகள் வந்து ஒட்டிக்கொள்ள ஒன்று, முன்முனைக்கு ஒன்று, பின்முனைக்கு ஒன்று, மூன்றும் வெவ்வேறு சேனலில். எந்தக் கேமராவும் மூன்று தாவலுக்குள் கண்ணாடி இழை இணைப்பு உள்ள வாசல் முனையை அடைந்துவிட வேண்டும். அடையவில்லையா, இன்னொரு வாசல் போடுங்கள். இடையில் முனைகளை அடுக்கிக்கொண்டே போவது எதையும் தீர்க்காது.

முனைக்கு முனை எவ்வளவு தூரம் என்பதை வரைபடத்தில் வட்டம் போட்டு முடிவுசெய்வதைப் பார்க்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்பதே சரி. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் திறந்தவெளிக்கு இழப்பு சுமார் 108 டெசிபல். ரேடியோவின் சக்தி 23 டிபிஎம் (சக்தியை டெசிபலில் சொல்லும் அளவு), இருபுறமும் 8 டிபிஐ பெருக்கமுள்ள ஆண்டெனா, கேபிளும் கனெக்டரும் சேர்ந்து 2 டெசிபல் தின்றால் மறுமுனைக்கு வந்து சேர்வது சுமார் -71 டிபிஎம். உயர்வேகப் பண்பேற்றம் இந்த அளவில் விளிம்பில் தொங்கும். ஒரு டம்ப்பர் குறுக்கே வந்தால் அறுந்துவிடும். அதையே 350 மீட்டருக்குக் குறைத்தால் -62 ஆகிறது. ஒன்பது டெசிபல் கையிருப்பு கூடுகிறது. எந்திரங்கள் ஓடும் பகுதியில் நாங்கள் பரிந்துரைப்பது இந்த 300 முதல் 400 மீட்டர் வரையிலான இடைவெளியைத்தான். நேர்பார்வை இருக்கிறது என்பதும் போதாது. நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் இடத்துக்கு ஃப்ரெனல் வளையம் என்று பெயர். ஒரு கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் அதன் ஆரம் 3.6 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 2.2 மீட்டர், மண்மேடும் பெல்ட் கூரையும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற டவரோடு ஏன் இணைப்பு ஆடுகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதில் இருக்கும்.

பக்கெட் வீல் எந்திரத்தின் மேல் முனை வைப்பவர்கள் ஒரே ஆண்டெனாவோடு விட்டுவிடக் கூடாது. அந்த இரும்புக் கட்டுமானம் எந்திரம் திரும்பும்போது 20 டெசிபலுக்கு மேல் மறைக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வைக்க வேண்டும். ரேடியோவைக் கீழே கேபினில் வைத்து ஆண்டெனாவுக்குப் பத்து மீட்டர் கேபிள் இழுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். நல்ல எல்எம்ஆர்-400 கேபிளே 5.8 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 0.35 டெசிபல் தின்னும். பத்து மீட்டரில் பாதி சக்திக்கு மேல் சூடாகப் போய்விடும். ரேடியோவை ஆண்டெனாவின் காலடியிலேயே பொருத்தி, ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்ப வேண்டும்.

டிரெய்லரில் வைக்கும் சூரிய மின் முனைகளுக்கு ஒரு கணக்கு. மூன்று ரேடியோ முனை 25 வாட் என்றால் நாளொன்றுக்கு 600 வாட்-மணி. வெயில் இல்லாத இரண்டு நாளுக்கு 1,200. லித்தியம் அயன் பாஸ்பேட் பாட்டரியில் எண்பது சதவீதம்தான் எடுக்கலாம் என்பதால் 1,500 வாட்-மணி, அதாவது 12.8 வோல்ட்டில் 120 ஆம்பியர்-மணி பாட்டரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூன்று மணி நேர முழு வெயில் கிடைத்தால் அதிகம். இழப்பையும் சேர்த்தால் 300 வாட் பேனலுக்குக் குறையக் கூடாது. கரித்தூள் படியும் இடத்தில் 350 வைப்பது நல்லது, துடைப்பதற்கு ஆளும் வேண்டும். மாஸ்ட்டுக்கு (ஆண்டெனாக் கம்பத்துக்கு) நான்கு பக்கமும் இழுகம்பி கட்டாமல் விடாதீர்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கரையைக் கடந்தது நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தின் வழியாகத்தான். கனெக்டரில் நீர் இறங்குவதுதான் மழைக்காலத்தில் அடிக்கடி வரும் கோளாறு. தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வது போல. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைநீரை உள்ளே வாங்கும்.

வண்டியில் பொருத்தும் முனைகளில் வேறொரு தொல்லை. டம்ப்பர் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 24 வோல்ட் விழுந்து எழும். முனை அணைந்து மறுபடி எழ ஓரிரு நிமிடம் ஆகும். ஷிப்டு மாறும்போது எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆவதால் வலையே காணாமல் போனது போலத் தெரியும். ரேடியோவில் குறை தேடுவார்கள். வோல்ட்டை நிலையாக வைக்கும் தனிமைப்படுத்திய டிசி-டிசி மாற்றியும், ஒரு சிறு தாங்கு பாட்டரியும் வைத்தால் தீர்ந்தது. அதிர்வில் சாதாரண ஈதர்நெட் பிளக் கழன்றுவிடும். திருகி மூடும் எம்12 கனெக்டர் போடுங்கள்.

எந்தத் தகவல் எந்த அலையில் போக வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. உரிமம் தேவைப்படாத அலைவரிசை நம் நாட்டில் கணிசமாக இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-இல் திறக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டன. ஆனால் விதியிலேயே எழுதியிருக்கிறது, அடுத்தவருக்கு இடையூறு செய்யக் கூடாது, உங்களுக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்கவும் கூடாது என்று. பக்கத்துக் குடியிருப்பில் நூறு வைஃபை புதிதாக வந்தால் யாரிடமும் முறையிட முடியாது. சேனல் ஐம்பது, அறுபது சதவீதத்துக்கு மேல் நிரம்பியதும் தாமதம் படிப்படியாகக் கூடுவதில்லை, ஒரேயடியாக எகிறும்.

கேமராவுக்கு இது பரவாயில்லை. படம் அரை நொடி நின்று வந்தால் யாருக்கும் கேடு இல்லை. பாதுகாப்புத் தகவல் அப்படியல்ல. தொலைவிலிருந்து இயக்கும் எந்திரத்துக்கு நூறு மில்லிநொடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்ற துடிப்பு போய்க்கொண்டிருக்கும். அரை நொடி அது வராவிட்டால் எந்திரம் தானாக நின்றுவிட வேண்டும், அப்படித்தான் வடிவமைப்பார்கள். அதுதான் சரியும்கூட. அப்படியென்றால் வலை அரை நொடி தடுமாறினாலே உற்பத்தி நிற்கிறது. தினம் நாலு முறை நின்றால், ‘இந்தத் தொல்லையே வேண்டாம்’ என்று அந்த நேர அளவை ஐந்து நொடியாக யாராவது மாற்றி வைப்பார்கள். உயிருக்கு ஆபத்து உண்டாவது இந்த இடத்தில்தான்.

மெஷ் மென்பொருளை நம்பி இதை விட முடியாது. பாட்மேன் போன்ற பாதைத் தேர்வு நிரல், தன் இருப்பைச் சொல்லும் செய்தியை இயல்புநிலையில் நொடிக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது. பக்கத்து முனை செத்துவிட்டது என்று முடிவுக்கு வந்து வழி மாற்றச் சில நொடிகள் ஆகும். அரை நொடிக்குள் அது நடக்காது. துடிப்புத் தகவலை இரண்டு வழியிலும், அதாவது உரிம அலையிலும் மெஷ்ஷிலும், ஒரே நேரத்தில் இரட்டிப்பாக அனுப்ப வேண்டும். முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். சிறு தகவல் பொட்டலம்தான் (பாக்கெட்), அதனால் செலவு ஒன்றும் இல்லை.

உரிம அலையில் எவ்வளவு தேவை என்று கூட்டிப் பார்ப்போம். அறுபது எந்திரம், ஒவ்வொன்றும் நொடிக்கு 200 பைட் இருப்பிடத் தகவல் அனுப்பினால் மொத்தம் 100 கிலோபிட். ஒரே சமயத்தில் இருபது பேர் பேசினால் 600 கிலோபிட். துடிப்பு, எச்சரிக்கை, வண்டி ஒதுக்கீட்டு ஆணை எல்லாம் சேர்ந்தாலும் 2 மெகாபிட்டைத் தாண்டாது. எல்டிஇ-யில் (4ஜி) 10 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் தாராளம். இதே இடத்தில் நாற்பது கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் என்றால் 80 மெகாபிட். இதை உரிம அலையில் ஏற்ற முயன்றால் என்ன ஆகும்? 20 மெகாஹெர்ட்ஸ் டிடிடி எல்டிஇ-யில் (ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசிக் கேட்கும் முறை), பத்து நேரத் துண்டில் இரண்டு மட்டும் அப்லிங்க்குக்கு, அதாவது கருவி அனுப்புவதற்கு, என்ற வழக்கமான அமைப்பில், எந்திரத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு 10 மெகாபிட் போனால் அதிகம். ஐந்து கேமராவோடு முடிந்தது. எனவே கேமரா, பெல்ட் வெப்பப் படம், பதிவுக் கோப்புகள் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் மெஷ்ஷுக்கு. மண்சரிவு அளவி, நிலத்தடி நீர்மட்ட அளவி, பெல்ட் உருளை வெப்பமானி போன்ற சென்சார்கள் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸில் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு செய்தி அனுப்பும் ரேடியோ முறை) வழியாக. லோராவில் அபாய எச்சரிக்கையை மட்டும் வைக்காதீர்கள். எஸ்எஃப்12 என்ற மிக மெதுவான நிலையில் ஒரு சிறு செய்தி காற்றில் பறக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும், இரண்டு சென்சார் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே தொலையக்கூடும்.

5 கிகாஹெர்ட்ஸுக்குள்ளும் இடம் பார்த்துப் போட வேண்டும். 5250 முதல் 5350, 5470 முதல் 5725 வரை உள்ள சேனல்களில் ரேடாரைக் கண்டால் விலகும் ஏற்பாடு கொண்ட கருவிகள், சேனலுக்குள் நுழையும் முன் அறுபது நொடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். ரேடார் போல ஏதாவது பட்டால் பத்து நொடிக்குள் இடத்தைக் காலி செய்துவிட்டு அரை மணி நேரம் திரும்பாது. முனைக்கு முனை ஓடும் முதுகெலும்பு இணைப்பு ஒன்று அப்படி விலகினால் அதன் பின்னால் தொங்கும் முனைகள் எல்லாம் இருளில். முதுகெலும்பை 5725-க்கு மேல், 149 முதல் 165 வரையிலான சேனல்களில் வையுங்கள். கருவிகள் ஒட்டிக்கொள்ளும் பக்கத்தை மற்றவற்றில் விடலாம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 149 முதல் 161 வரை அது ஒன்றே ஒன்றுதான் அடங்கும். 40 வைத்தால் பக்கத்து முனைக்கு மாற்றிக் கொடுக்க இடமிருக்கும்.

இரண்டு அலைகளையும் சேர்க்கும் மூட்டில்தான் கோளாறுகள் குவிகின்றன. எல்டிஇ ரூட்டரையும் மெஷ் முனையையும் ஒரே சுவிட்சில் செருகி இரண்டாம் அடுக்கில் பாலம் போட்டுவிடுவார்கள், அதாவது இரண்டையும் ஒரே வலையாக ஒட்டிவிடுவார்கள். சுழல் உண்டாகி, எல்லாருக்கும் போகும் ஒலிபரப்புப் பொட்டலங்கள் பெருகி, சில நொடியில் எல்லாம் உறைந்துபோகும். மூன்றாம் அடுக்கில், ஐபி முகவரியைப் பார்த்து, ரூட்டிங் செய்வதே வழி. பாதை மாறும்போது ஐபி முகவரியும் மாறினால் நடப்பிலிருக்கும் தொடர்பு அறுந்துவிடும் என்பதால், இரண்டு பாதைக்கும் மேலே ஒரு சுரங்கவழி (பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும் ‘டன்னல்’) போட்டு உள்முகவரியை நிலையாக வைக்க வேண்டும்.

சுரங்கவழி போட்டதும் அடுத்த சிக்கல் கிளம்பும். சிறு செல்லின் (உரிம அலையில் பேசும் சிறு டவரின்) தகவலை மெஷ் வழியாக மையத்துக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் செல் வலைக்கான ஜிடிபி (GTP) சுரங்கவழி உறை 36 பைட், பாட்மேன் உறை 32 பைட் கூடுகிறது. 1,500 பைட் பொட்டலம் 1,568 ஆகும். நடுவில் ஏதாவது ஒரு இணைப்பு 1,500-க்கு மேல் விடாது. அப்போது பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) ஒழுங்காகப் போகும், குரல் கேட்கும், ஆனால் வரைபடம் திறக்காது, மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் நிற்கும். ‘நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் மென்பொருளில் கோளாறு’ என்று இரண்டு தரப்பும் வாரக்கணக்கில் சண்டை போடும். வைஃபை ரேடியோ 2,304 பைட் வரை தாங்கும். அந்த இடைமுகத்தை 1,600-க்கு உயர்த்திவிட்டு, கருவிகள் பக்கம் 1,400-க்கு இறக்கி வைத்தால் பிரச்சினை வராது.

வழி நலமா என்று பார்க்க அடுத்த ரூட்டருக்குப் பிங் அடித்தால் போதாது. அந்த ரூட்டர் உயிரோடிருந்து அதற்குப் பின்னால் கேபிள் அறுந்திருக்கலாம். கட்டுப்பாட்டு அறையின் சர்வர் வரை சோதிக்க வேண்டும். மோசமான வழியைச் சட்டென்று விட வேண்டும். திரும்பி வருவதை மட்டும் அரை நிமிடமாவது தாமதிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். இன்னொன்று, இரட்டைப் பாதை என்று கோப்பில் எழுதிவிட்டு இரண்டு ரேடியோவையும் ஒரே மாஸ்ட்டில் ஒரே பாட்டரியில் மாட்டிவிடுவது. ஒரு ஃப்யூஸ் போனால் இரண்டும் போகும்.

உரிமப் பக்கத்துக்கென்று ஒரு தனிக் கண்டிப்பு உண்டு. டிடிடி முறையில் எல்லாச் செல்லும் ஒரே கணத்தில் பேசி ஒரே கணத்தில் கேட்க வேண்டும். பொதுக் கடிகாரத்திலிருந்து 1.5 மைக்ரோநொடிக்கு மேல் விலகக் கூடாது. அந்த நேரத்தை வைஃபை மெஷ் வழியாக அனுப்புவது நடக்காத காரியம், அங்கே ஆட்டமே மில்லிநொடிக் கணக்கில் இருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் வானம் பார்த்த ஜிபிஎஸ் ஆண்டெனா போட வேண்டும். பள்ளத்தின் அடியில் வைக்கும் செல்லுக்கு எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்று பொருத்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எங்கள் முறையீட்டின் மையம் இனி வருவது. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2022 நெறிகள் சொல்கின்றன. ஆனால் 2022 ஏலத்தில் போன 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பொதுமக்கள் கைபேசிக்கான வலை ஓடுகிறது. அது டவரிலிருந்து கைபேசிக்கு இறங்கும் பக்கத்துக்கே பெரும்பங்கு தரும் நேர அமைப்பு. கைபேசிக்காரர் படம் பார்க்கிறார், சுரங்கம் தகவல் அனுப்புகிறது. நமக்கு அப்லிங்க் அதிகம் வேண்டும். அதற்காக நேர அமைப்பை மாற்றினால், அவர்கள் டவர் பேசும்போது நம் செல் கேட்டுக்கொண்டிருக்கும். அவர்களுடைய சத்தத்தில் நம் எந்திரத்தின் குரல் மூழ்கிவிடும். நம்மால் அவர்களுக்கும் கெடுதல். ஆகவே குத்தகைக்காரர் அவர்களுடைய நேர அமைப்பையே பின்பற்ற வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியும் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கு மருந்து, பொது வலையிலிருந்து விலகிய தனிப்பட்டை. 3700-3800, 4800-4990 மெகாஹெர்ட்ஸ், 28.5-29.5 கிகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை இதற்காக ஆராயும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. நெறிகளிலும் நேரடி ஒதுக்கீட்டுக்கு இடம் இருக்கிறது. அந்த 2022 நெறிகளின்படி விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய், நுழைவுக் கட்டணமோ ஆண்டு உரிமக் கட்டணமோ இல்லை, உரிமம் பத்தாண்டுக்கு. இவை நியாயமான நிபந்தனைகள், பாராட்டுகிறோம். ஆனால் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைக்கற்றைக்கு எங்கே போவது? நேரடி ஒதுக்கீடு ‘தேவை ஆய்வு’ என்ற கட்டத்திலேயே இழுபட்டது. 2022 ஆய்வில் கலந்துகொள்ளவே 100 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்பு வேண்டும் என்று வைத்தார்கள். பெரிய சுரங்கமும் பெரிய துறைமுகமும் அதைத் தாண்டும். கன்டெய்னர் கிடங்கு நடத்துபவர், கல்குவாரிக்காரர், நடுத்தர நூற்பாலை? பத்து மெகாஹெர்ட்ஸ் தேவைப்படுபவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாம். இவர்களைக் கணக்கில் எடுக்காமல் தேவையை எப்படி அளக்க முடியும்?

ஜெர்மனி 2019 நவம்பரில் இருந்து 3700-3800 மெகாஹெர்ட்ஸை இடத்துக்கு இடம் நேரடியாகக் கொடுத்துவருகிறது. கட்டணத்துக்கு வெளிப்படையான சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 1,000 யூரோவோடு, மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஆண்டுகளாலும் ஐந்தாலும் பெருக்கி, நகர்ப்புற நிலமானால் சதுர கிலோமீட்டருக்கு ஆறு மடங்கு, மற்ற நிலமானால் ஒரு மடங்கு சேர்க்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 100 மெகாஹெர்ட்ஸ் பத்தாண்டுக்கு எடுத்தால் நகரத்தில் 31,000 யூரோ, வெளியே 6,000 யூரோ. யாரும் உட்கார்ந்து தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனில் 3.8-4.2 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தி உரிமம் 10 மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டுக்கு 80 பவுண்டு, 50 மீட்டர் ஆரத்துக்கு. அமெரிக்காவில் 3550-3700 பட்டையைக் கடற்படை ரேடார், ஏலம் எடுத்தவர், மற்றவர் என்று மூன்று அடுக்காகப் பகிர்ந்து, தானியங்கிக் கணினி அமைப்பு ஒன்று இடம் பிரித்துக் கொடுக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அந்த அமைப்போடு தொடர்பு அறுந்தால் செல் பேச்சை நிறுத்த வேண்டும். இணையம் நம்பகமில்லாத சுரங்கத்துக்கு அது பொருந்தாது. நமக்கு ஜெர்மன் முறைதான் ஏற்றது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் முதல் அட்டவணையில், ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்கத் தக்க பயன்பாடுகளில் சுரங்கம், துறைமுகம், எண்ணெய்த் துரப்பணம் ஆகியவற்றின் பாதுகாப்பும் இயக்கமும் இடம்பெற்றிருக்கின்றன. சட்டத்தில் தடை இல்லை.

சொந்த அலைக்கற்றை கிடைக்காததன் விளைவு ஒன்று ஏற்கெனவே கண்ணெதிரே நடக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அமெரிக்க ரேடியோக்களை வாங்கி மாட்டுகிறார்கள். 902-928 மெகாஹெர்ட்ஸ் அங்கே உரிமம் தேவைப்படாத பட்டை. இங்கே 890-915 மெகாஹெர்ட்ஸ், கைபேசிகள் டவரை நோக்கிப் பேசும் பட்டை. அதற்குள் ஒரு வாட்டில் ரேடியோவை ஏற்றினால் சுற்றியுள்ள செல்போன் டவர்களின் காது அடைபடும். ஊரில் யாருக்கோ 108-க்கு அழைப்பு போகாமல் இருக்கலாம். அமெரிக்க 3550-3700 ரேடியோவும் நம் ஏலப் பட்டையில் போய் விழுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் நாட்டுக் குறியீட்டை மாற்றி வைத்துச் சக்தியைக் கூட்டுவதும் இதே வகை. 2.4 கிகாஹெர்ட்ஸில் எல்லை 4 வாட், அதாவது ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 36 டிபிஎம். 24 டிபிஐ கிண்ண ஆண்டெனா வைத்தால் ரேடியோவை 12 டிபிஎம்முக்கு இறக்க வேண்டும். வாங்கும் முன் கருவிக்கு வகைச் சான்று இருக்கிறதா, அதில் எழுதிய பட்டையும் பெட்டியில் இருக்கும் பட்டையும் ஒன்றா என்று பாருங்கள்.

வலை போட்டுத் தருபவரிடம் பணத்தை முழுதாகக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையும் சொல்லிவிடுகிறோம். நின்ற இடத்தில் வேகம் காட்டினால் ஏற்காதீர்கள். ஏற்றிய டம்ப்பரில், வழக்கமான பாதையில், 24 மணி நேரம், கேமராக்கள் அனைத்தும் ஓடும்போது நொடிக்கு 2 மெகாபிட் யுடிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பாத வகைப் பொட்டலங்கள்) அனுப்பிப் பாருங்கள். சராசரித் தாமதத்தை வைத்து ஒன்றும் தெரியாது. ஆயிரம் பொட்டலத்தில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு தாமதமாக வந்தது என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு முனையாக மின்சாரத்தைப் பிடுங்கி, துடிப்புத் தகவல் அரை நொடிக்கு மேல் அறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக உரிமப் பக்கத்தை முழுதாக அணையுங்கள், பிறகு மெஷ் பக்கத்தை. முதல் அணைப்பில் கேமரா துளியும் பாதிக்கப்படக் கூடாது. இரண்டாவதில் கேமரா போகலாம், எந்திரங்கள் நிற்கக் கூடாது.

தொலைத்தொடர்புத் துறையிடம் நாங்கள் கேட்பது மூன்று. 3700-3800 மெகாஹெர்ட்ஸில் ஒரு பகுதியை இடவாரியாக நேரடியாகக் கொடுங்கள். 100 கோடி வரம்பை எடுத்துவிட்டு, பரப்பளவையும் அகலத்தையும் வைத்துக் கட்டணம் வையுங்கள். அந்தப் பட்டையில் அப்லிங்க் அதிகமுள்ள நேர அமைப்பு ஒன்றையும், பக்கத்துப் பட்டையிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தனியார் கம்பியில்லா வலையமைப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள்,
சென்னை.